பழைய புல்லட்டைக் காயலான் கடைச் சாமான் வைத்துக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரும்பு சிலிண்டர் புல்லட் 350 வைத்திருப்பவர்கள், வாங்கலாம் என்று அலைபவர்கள், "தாத்தா வண்டி ஷெட்ல கிடக்கு" என்று சொல்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

1. அண்ணே, பழைய புல்லட்னா எது? எங்கப்பாவோட 1998 வண்டி அதுல சேருமா?

சேரும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து சாமான் வந்து இங்கே வண்டி கோர்க்கப்பட்டது. 1957-இல் அச்சு, கருவிகளெல்லாம் சென்னைக்கு வந்துசேர, 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. இங்கிலாந்துக் கம்பெனி பின்னால் மூடிப்போனது. திருவொற்றியூர் ஃபேக்டரி அதே இன்ஜினைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தது.

70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி, வலது காலில் நாலு கியர். இந்த அடிப்படை 40 வருஷத்துக்கு மேல் பெரிதாக மாறவே இல்லை. அதனால்தான் 1960-களில் வந்த வண்டிக்கு 1990-களின் வண்டியிலிருந்து கழற்றிய சாமான் பெரும்பாலும் உட்காருகிறது. பழைய சாமான் வைத்துக் கட்ட இதைவிடத் தோதான வண்டி நம் ஊரில் இல்லை. பிற்பாடு வந்த அலுமினிய ஏவிஎல் இன்ஜினும் கியர்பாக்ஸ் உள்ளேயே சேர்ந்த யூசிஇ இன்ஜினும் வேறு ஜாதி. அவற்றை இதோடு கலக்க வேண்டாம்.

2. வாங்கப் போறப்ப முதல்ல எதைப் பார்க்கணும்? இன்ஜினையா, பாடியையா?

ஆர்சி புத்தகத்தை. அதில் உள்ள ஃபிரேம் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கம்பி பிரஷ் போடாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்த்து மறுபடி பஞ்ச் அடித்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிட லேசாகப் பள்ளமாகவோ வழுவழுப்பாகவோ இருக்கும். எழுத்துகளும் ஒரே வரிசையில் நிற்காது.

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம், அது சரிசெய்யக்கூடிய விஷயம். நம்பர் சரியில்லை என்றால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

3. ஆர்சி இல்ல, ஆனா வண்டி சூப்பர் கண்டிஷன், பாதி விலைக்குத் தர்றேங்கிறாங்க. எடுக்கலாமா?

ஆர்சி தொலைந்துபோயிருப்பது வேறு, ஆர்சியே கிடையாது என்பது வேறு. தொலைந்ததென்றால் பதிவில் உள்ள உரிமையாளர் போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26 போட்டு நகல் வாங்கித் தரட்டும். அவர் இறந்துவிட்டார் என்றால் வாரிசு படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றட்டும். அதன்பிறகு நீங்கள் பணம் கொடுங்கள். "நீங்க வாங்கிக்குங்க, நாங்க கூட வந்து எழுதித் தர்றோம்" என்ற பேச்சு பல வருஷம் இழுக்கும்.

காயலான் இரும்பாக ஏலத்தில் விட்ட வண்டியென்றால், அது சாமானாக மட்டுமே பயன்படும். ரோட்டில் ஓட்ட முடியாது.

4. புதுப்பேட்டையில என்னென்ன வாங்கலாம், என்னென்ன வாங்கக் கூடாது?

சென்னைப் புதுப்பேட்டை பழைய வண்டிச் சாமான் கடைகளுக்குப் பேர்போன இடம். வார்ப்பும் தகடும் பழசாக வாங்குங்கள். தேய்வதும் சுமை தாங்குவதும் புதுசாக வாங்குங்கள். ஹெட்லைட்டைச் சேர்த்துப் பிடிக்கும் முன்மூடி, மட்கார்டு, டூல்பாக்ஸ், ஏர் ஃபில்டர் பெட்டி, செயின் கேஸ் மூடி, டைமிங் கவர், கியர்பாக்ஸ் கூடு, சென்டர் ஸ்டாண்டு, ஹப், ஆம்பியர் மீட்டர், பழைய லீவர்கள் எல்லாம் அங்கே தேடத் தகுந்தவை. அந்தக் காலத் தகடு கனமானது. டொக்கு விழுந்திருந்தாலும் நல்ல டிங்கர் நிமிர்த்திவிடுவார்.

பேரிங், ஸ்போக், செயின், பிரேக் ஷூ, கேபிள், டயர், கனெக்டிங் ராடு, பிக் எண்டு (கனெக்டிங் ராடின் அடிப்பக்கப் பேரிங்), ஆயில் சீல் ஆகியவற்றைப் பழசாக வாங்கவே கூடாது. ரிம் பழசு வாங்கலாம், ஆனால் 40 ஸ்போக் துளையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். துளையைச் சுற்றி முடி போல விரிசல் ஓடியிருந்தால் அது குப்பை. கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் இதே கணக்குத்தான்.

இன்னொன்று: "புல்லட் மட்கார்டு" என்று வாயால் மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய்த் துளைக்குத் துளை வைத்துப் பாருங்கள். நாற்பது வருஷ வண்டியில் சில்லறை மாற்றங்கள் நிறைய உண்டு.

5. கிரேங்க் கேஸ் பழசு வாங்குறேன். கடையில நின்னே எப்படிச் சோதிக்கிறது?

கிரேங்க் கேஸ் என்பது கிரேங்க் தண்டு சுழலும் இன்ஜினின் அடிக்கூடு. முதலில் பேரிங் உட்காரும் குழியில் விரலை விட்டுச் சுற்றுங்கள். மங்கலான ஒரே நிறம் என்றால் நல்லது. கண்ணாடி மாதிரி பளபளத்து, விளிம்பில் நகம் தட்டினால் பேரிங் உள்ளேயே சுழன்று குழி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய லேத்தில் புஷ் இறக்க வேண்டியிருக்கும். அடுத்து ஆயில் டிரெயின் போல்ட்டின் மரையைப் பாருங்கள். காலால் ஏறி நின்று முறுக்கி மரை போன கேஸ் நிறைய வரும். சிலிண்டர் ஸ்டட் இறங்கும் துளைகளையும், கியர்பாக்ஸ் பொருந்தும் பின்பக்கக் காதுகளையும் பாருங்கள். செயின் அறுந்து அடித்த வடு பின்பக்கத்தில்தான் இருக்கும். அலுமினிய வெல்டிங் போட்டுத் தேய்த்த இடம் வேறு சாம்பல் நிறமாகத் தெரியும்.

இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து ஒட்டும் பரப்பில் வெளிச்சம் ஊடுருவுகிறதா பாருங்கள். புல்லட்டில் இரண்டு பாதியும் ஜோடியாகவே துளையிடப்பட்டவை. ஒரு வண்டியின் இடது, இன்னொன்றின் வலது என்று கலந்து தந்தால் வேண்டாம். வாங்கிய பிறகும் சந்தேகம் இருந்தால் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடிக்கும் விரிசல் சோதனை செய்யுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக வெளியே வரும்.

கேஸில் நம்பர் இருக்கும், அதை மறக்காதீர்கள். வேறு நம்பர் கேஸ் போட்டால் அது இன்ஜின் மாற்றம். ஆர்டிஓவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

6. அங்க கிடைக்கிறது திருட்டுச் சாமானா இருந்தா நம்ம மேல கேஸ் வருமா?

தெரிந்தே வாங்கினால் வரும். நம்பர் உள்ள சாமான் என்றால் கடைப் பெயரோடு பில், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்சி நகல், இரண்டும் இல்லாமல் வாங்காதீர்கள். நம்பர் இல்லாத மட்கார்டுக்கும் பில் கேட்டு வாங்குவது நல்ல பழக்கம். பில் தர மறுக்கும் கடையில் நிற்கவே வேண்டாம்.

7. எல்லாமே புதுசா மார்க்கெட்ல கிடைக்குதே, எதுக்குப் பழசு தேடி அலையணும்?

கிடைக்கிறது, ஆனால் தரம் ஒரே மாதிரி இல்லை. மெல்லிய தகட்டு மட்கார்டு ஆறு மாதத்தில் ஸ்டே இருக்கும் இடத்தில் கிழிகிறது. டூப்ளிகேட் கியர் பல்லின் கடினப்படுத்தல் சரியில்லாமல் முனை உதிர்கிறது. நல்ல பழைய ராக்கர், நல்ல பழைய கியர், நல்ல பழைய கிக்கர் ஷாஃப்ட் கிடைத்தால் அதுவே மேல். கையில் எடுத்து எடையைப் பாருங்கள், பல்லின் முகத்தில் குழிகள் உண்டா பாருங்கள். கடினப்படுத்திய மேல்தோல் உரிந்து குழி விழுந்த பாகம், பழசானாலும் புதுசானாலும் வேண்டாம்.

8. பிரிக்கிறதை நானே பண்ணலாமா?

தாராளமாக. புல்லட் பொறுமைசாலிக்குக் கற்றுக்கொடுக்கும் வண்டி. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை எந்த இடத்தில் கழற்றினீர்களோ அந்தத் துளையிலேயே இரண்டு மரை ஏற்றி விட்டுவையுங்கள், அல்லது பெயர் எழுதிய பையில் போடுங்கள். பழைய வண்டியில் அங்குல மரை நிறைய உண்டு, மி.மீ. ஸ்பேனரை வைத்து வம்புக்கு இழுத்தால் தலை உருண்டுவிடும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் தேவை. வலதுபக்க டைமிங் கவரைத் திறந்தால், கிரேங்க் நுனியில் ஆயில் பம்ப்பை ஓட்டும் திருகுப்பல் நட்டு தெரியும். அது இடது மரை. மற்ற நட்டு மாதிரி நினைத்து முறுக்கினால் இன்னும் இறுகும், கடைசியில் உடையும்.

9. ரிங் மட்டும் மாத்தினா போதும்னு ஒரு மெக்கானிக் சொல்றார், இன்னொருத்தர் போர் போடணும்கிறார். யாரை நம்புறது?

அளவை நம்புங்கள். போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து கொஞ்சம் பெரிதாக்குவது. லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து சிலிண்டரின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், முன்பின்னாகவும் குறுக்காகவும் அளக்கச் சொல்லுங்கள். வட்டம் கெடாமல், தேய்மானம் குறைவாக இருந்தால் ரிங் போதும். முட்டை வடிவம் ஆகியிருந்தால் புது ரிங்கும் சீக்கிரம் ஆயில் குடிக்கும்.

ஓவர்சைஸ் பிஸ்டன் 20, 40, 60 தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று படிப்படியாகக் கிடைக்கிறது. 20 தவு என்றால் அரை மி.மீ. சுமார். 60-ஐத் தாண்டிவிட்ட சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் இறக்கி மறுபடி 70 மி.மீட்டருக்குக் கொண்டுவரலாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அந்தப் பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள். பலர் மாற்றிச் செய்கிறார்கள்.

10. ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் நல்லதா, பெயின்ட் நல்லதா?

தினம் ஓட்டும் வண்டிக்குப் பவுடர் கோட்டிங் தாங்கும். ஆனால் அனுப்பும் முன் மூன்று இடங்களை மூடுங்கள்: எல்லா மரைகள், ஹேண்டில் தண்டின் பேரிங் கிண்ணங்கள், ஃபிரேம் நம்பர். நம்பர் மேல் தடிமனாகக் கோட்டிங் ஏறிவிட்டால் எழுத்து மழுங்கி, ஆர்டிஓ ஆய்வில் வண்டி நிற்கும். நம்பர் பட்டையில் மெல்லிய பெயின்ட் மட்டும் அடியுங்கள்.

கோட்டிங் முடிந்து வந்த வண்டியில் லைட் மங்குவதும் ஹாரன் அழுவதும் வழக்கமான புகார். காரணம் வயரிங் இல்லை. பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது, எர்த் போல்ட்டுக்கு அடியில் அதைச் சுரண்டாமல் விட்டதுதான் காரணம். ஒரு நாணய அளவு சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

சேண்ட் பிளாஸ்ட்டிங் ஃபிரேமுக்கு மட்டும் போதும். கிரேங்க் கேஸை மணலடிக்கக் கொடுக்கவே கூடாது. ஆயில் ஓடும் சிறு துளைகளில் சிக்கும் மணல், எத்தனை முறை கழுவினாலும் ஒன்றிரண்டு மிஞ்சி, பிக் எண்டைத் தின்றுவிடும்.

11. டேங்க் உள்ள துரு. ஆசிட் ஊத்தலாமா?

கடும் ஆசிட் தகட்டையும் சேர்த்து அரிக்கும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, நடுவில் டேங்க்கைத் தொடாதபடி ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்க்குக்கும் கொடுங்கள். துரு மெதுவாகக் கழன்று வரும். காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வாயு வரும். எவர்சில்வர் கம்பி போடாதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரையும். முடிந்ததும் கழுவி, உடனே உலர்த்தி, கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலும் கலந்து உள்ளே உருட்டி வையுங்கள்.

ஓட்டை இருந்து வெல்டிங் வைக்க வேண்டும் என்றால், பல வருஷம் காலியாகக் கிடந்த டேங்க்கானாலும் பெட்ரோல் ஆவி இருக்கும். சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் மிஞ்சும்படி தண்ணீர் நிரப்பி, இதில் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். இதில் சிக்கனம் உயிரோடு விளையாடுவது.

12. 6 வோல்ட் வண்டி. 12 வோல்ட்டா மாத்திடவா?

இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டுவீர்கள் என்றால் மாற்றுங்கள். பிற்கால 12 வோல்ட் வண்டியின் ஸ்டேட்டர், ரோட்டர், ரெகுலேட்டர் ஆகிய மின்சாரம் தரும் பாகங்களை ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுங்கள். கூடவே காயில், பேட்டரி, ஹாரன், எல்லா பல்பும் மாற வேண்டும். ஊருக்குள் மட்டும் என்றால் 6 வோல்ட்டையே வைத்து, வயரிங்கைப் புதிதாக இழுத்து, 10-ஆம் கேள்வியில் சொன்ன எர்த்தைச் சரியாக வைத்தாலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும்.

பிளாட்டினத்தை (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் கான்டாக்ட் பாயின்ட்) எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். ஆனால் 15 தவு இடைவெளியில் வைத்த நல்ல பிளாட்டினமும் நல்ல கண்டென்சரும் இருந்தால் இந்த இன்ஜினுக்கு அதுவே போதும். நடுவழியில் நின்றாலும் ஒரு ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் வைத்துக் கிளப்பிவிடலாம்.

13. இப்ப வர்ற ஈ20 பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமாமே?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ட்யூபும் கார்க் வைத்த பெட்ரோல் டேப்பும் ஊறிக் கெடும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலுக்கு ஏற்ற ட்யூப், புது டேப், புது நீடில் வால்வு போடுங்கள். பிளக் வெளுத்துப்போனால் மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள். 11-இல் சொன்னபடி துரு எடுத்த டேங்க்குக்கு இது இன்னும் முக்கியம்.

14. பாபர் மாதிரி ஆக்கணும். பின்னாடி ஃபிரேமை வெட்டிடலாமா? போலீஸ் பிடிப்பாங்களா?

பாபர் என்றால் மட்கார்டைக் குறைத்து, பின்பக்கத்தை வெட்டி மொட்டையாக்கிய வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், வெட்டாதீர்கள் என்றே சொல்வேன். ஃபிரேம் ஒருமுறை வெட்டினால் போனது போனதுதான். புல்லட்டைப் போல்ட்டால் மட்டுமே எவ்வளவோ மாற்றலாம்: ஒற்றை சீட், தாழ்வான ஹேண்டில், பழைய மாடல் டெயில் லேம்ப், கையால் கோடு இழுத்த டேங்க், 1960-களின் டூல்பாக்ஸ். எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிப் பழையபடி ஆக்கக்கூடியவை. கழற்றிய சாமானை எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள். சைலன்சரில் உள்தடுப்பை எடுத்து வெடிக்க விடுவது வேண்டாம். தெருவில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், இந்த வண்டியின் பீட் அடக்கமாக இருக்கும்போதுதான் கேட்க நன்றாக இருக்கும்.

15. முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. வேற வண்டி டிஸ்க் போடலாமா?

பழைய 6 அங்குல டிரம் இன்றைய போக்குவரத்துக்குப் போதாது என்பது உண்மை. முதலில் டிரம்மை லேத்தில் வட்டம் எடுத்து, ஷூவை அதற்கேற்பத் தேய்த்து உட்காரவைத்து, புது கேபிள் போட்டுப் பாருங்கள். பாதிப் புகார் தீர்ந்துவிடும். அப்படியும் போதவில்லை என்றால் பிற்கால புல்லட்டில் வந்த, இரண்டு கேம் உள்ள 7 அங்குல டிரம் போடுங்கள். ஹப், பிரேக் பிளேட், ஆக்சில், ஃபோர்க்கின் அடிக்கால் எல்லாம் ஒரே வண்டியுடையதாக இருக்கட்டும். பிரேக் பிளேட்டைச் சுழலவிடாமல் பிடிக்கும் முளை ஃபோர்க்கில் சரியாக உட்காராவிட்டால், பிரேக் அடித்த நொடியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

16. வலது பக்கக் கியரை இடது பக்கம் மாத்தலாமா?

மாற்றும் கிட் உண்டு. ஆனால் குறுக்குத் தண்டில் ஆட்டம் வந்து கியர் தெளிவாக விழாது. ஒன்று மேலே, மூன்று கீழே என்பது ஒரு வாரத்தில் காலுக்குப் பழகிவிடும். இரண்டு, மூன்று, நாலு எதிலிருந்தும் குதிகால் லீவரை அழுத்தினால் நியூட்ரல் என்ற வசதியை எதற்கு இழக்க வேண்டும்?

17. ஐம்பது வருஷமான வண்டிக்குத் தனி நம்பர் தர்றாங்களாமே?

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்து, மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுதுபார்க்க போன்ற சில காரியங்களுக்கு மட்டும்தான். 14-இல் சொன்ன மாற்றங்களைச் செய்த வண்டிக்கும் இது பொருந்தாது. ஓட்டுவதற்காகக் கட்டுகிறீர்கள் என்றால் வழக்கமான ஆர்சியைப் படிவம் 25 போட்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போங்கள்.

18. டீசல் புல்லட் ஒண்ணு சல்லிசா வருது. வாங்கிப் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கி வெச்சிடலாமா?

325 சிசி, ஆறரைக் குதிரைத்திறன் டீசல் இன்ஜின் போட்டு கம்பெனியே விற்ற வண்டி அது. ஆர்சியில் எரிபொருள் டீசல் என்று இருக்கும். இன்ஜினும் எரிபொருளும் சேர்ந்து மாறுவதால் 5-இல் சொன்ன அனுமதியைவிட இது பெரிய தலைவலி. அனுமதி கையில் வராமல் இன்ஜினில் கை வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் டீசலாகவே ஓடவையுங்கள். ரோட்டில் டீசலில் ஓடும் மோட்டார் சைக்கிள் உலகத்திலேயே அபூர்வம், அதைக் கலைப்பது பாவம்.

19. எல்லாம் கட்டி முடிச்சாச்சு. ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சுக் கிளப்பினா ஒரே புகை. போர் போட்டது வீணா?

வீணில்லை. புல்லட்டில் ஆயில் தங்கும் அறை கிரேங்க் கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. வண்டி நாள்கணக்கில் நின்றால், ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிரேங்க் பக்கம் இறங்கிவிடும். கிளப்பியதும் அது மேலேறி நீலப் புகையாக வரும். ஓரிரண்டு நிமிடத்தில் ரிட்டர்ன் பம்ப் இழுத்துவிட்டால் பழுது இல்லை. புகை நிற்கவே இல்லை என்றால் பம்ப்பின் டிஸ்க்கும் அது உட்காரும் பரப்பும் தேய்ந்திருக்கலாம். வழுவழுப்பாகத் தேய்த்து உட்காரவைக்க வேண்டும்.

நீண்ட நாள் நின்ற வண்டியைக் கிளப்பும் முன் கிரேங்க் கேஸின் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, இறங்கியிருக்கும் ஆயிலை ஒரு சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, வடிகட்டி மறுபடி மேலே ஊற்றுங்கள். பிறகு டிகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து கிக் மெதுவாக அடித்து ஆயிலை ஓடவிடுங்கள். கிளம்பியதும் ஐடிலில் வைத்து, ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் கசிந்து வந்தால் இறுக்கிவிட்டு ஓட்டப் போகலாம். வராவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டுப் பம்ப்பைத் திறங்கள்.